வாடா, வா, வாங்க

தை கடைசியில் சம்பா அறுவடை முடிந்து களத்தில் நெல் காயப்போட்டிருந்தோம். சென்னையில் படிக்கிற அண்ணன் மகன் லீவுக்கு வந்திருந்தான். காலையிலிருந்து என் கூடவே சுற்றியவன், மத்தியானம் மெதுவாகக் கேட்டான்.

"சித்தப்பா, அறுப்பு மிஷின் ஓட்டுறவர்கிட்ட வாங்க, போங்கன்னு பேசுறீங்க. அவருக்கு என் வயசுதான் இருக்கும். நெல்லு கிளறுற தாத்தாகிட்ட மட்டும் 'சாப்பாடு ஆச்சா, சாக்கு எங்க இருக்கு'ன்னு மொட்டையா பேசுறீங்களே, ஏன்?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பழைய கதையும் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழய்யா ஒன்று சொல்வார். ஒரே ஒரு ஆளைப் பன்மையில் சொல்வது இலக்கணப்படி வந்ததில்லை, உயர்த்திச் சொல்கிற வழக்கத்தால் வந்தது என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறதாம். அப்போது பரீட்சைக்குப் படித்ததோடு சரி. இப்போது யோசித்தால், 'வாங்க' யாருக்கு, 'வாடா' யாருக்கு என்று பிரித்தது இலக்கணம் இல்லை, ஊர்தான் என்று புரிகிறது.

எங்கள் பக்கத்தை அன்று கிழக்குத் தஞ்சை என்பார்கள். இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள். நிலமெல்லாம் மிராசுதார்கள், கோயில்கள், மடங்கள் கையில். அதில் பாடுபட்ட பண்ணையாட்களில் பெரும்பாலோர் சேரிக்காரர்கள். அவர்கள் நிலக்காரரை 'ஆண்டே' என்று கூப்பிடவேண்டும். நிலக்காரர் வீட்டுச் சின்னப் பையன்கூட நரைத்த தலைக்காரரை 'டேய்' என்பான். எங்கள் தாத்தாவுக்கு இருந்தது ஐந்து ஏக்கர்தான், மிராசுதார் எல்லாம் இல்லை. ஆனால் 'டா' போட ஐந்து ஏக்கரும் வேண்டியதில்லை, சாதி போதும்.

1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். பெரிய காரியம். பெயரின் வாலில் இருந்த சாதி போனது. 'வந்தியாடா', 'வந்தீங்களா' என்று பேச்சின் வாலில் இருந்த சாதி அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

அதை அசைத்தவர் பி. சீனிவாசராவ். கன்னடம் பேசுகிற ஊரில் பிறந்தவர். 1943-ல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் கட்டினார்கள். சாணிப்பால், சவுக்கடி என்ற தண்டனைகளை எதிர்த்துப் போராட்டம் நடந்து, 1944-ல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் ஒப்பந்தங்கள் வந்தன. 'டேய்' என்று கூப்பிட்டால் பதிலுக்கு நீயும் 'டேய்' என்று சொல் என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்தது என்று எங்கள் பக்கத்தில் இன்றும் பேசிக்கொள்வார்கள். கூலி கேட்கும் முன் குரல் நிமிரவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1961-ல் இறந்தார். நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது.

1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் பகை அடங்கவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். கூலித் தகராறு என்று சொல்வார்கள். நிமிர்ந்து பேசிவிட்டார்களே என்ற ஆத்திரமும் அதில் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

அது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எனக்குப் பத்து வயசு. வரப்பில் நின்றுகொண்டு, தாத்தா கூப்பிடுகிற மாதிரியே, எங்கள் வயலில் வேலை செய்தவரை "டேய், இங்க வாடா" என்றேன். அவருக்கு இருபத்தைந்து வயசு இருக்கும், கையில் குழந்தை இருந்த மனுஷன். மெதுவாக வந்தார். "டா வேணாம் தம்பி, பேர் இருக்குல்ல" என்றார். சத்தம் போடவில்லை. அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பிடும்போது, "இனிமே பேர் சொல்லியே கூப்பிடு" என்றார். அண்ணன் என்று கூப்பிடு என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த மொட்டைப் பேச்சு. நம்ம தமிழில் வினையை முடித்தால் ஆளுக்கு என்ன மரியாதை என்று தெரிந்துவிடும். 'சாப்பிட்டியா' என்றால் ஒன்று, 'சாப்பிட்டீங்களா' என்றால் இன்னொன்று. ஆனால் 'சாப்பாடு ஆச்சா' என்றால் ஒன்றும் தெரியாது. 'மடை திறந்தாச்சா', 'எப்ப வந்தது', 'எங்க பயணம்'. 'டா' போட வாய் கூசுகிறது, 'ங்க' போட மனசு வரவில்லை. நடுவில் ஒளிந்துகொள்ள 'ஆச்சு' இருக்கிறது. வளர்ந்த பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் நின்றுபோனது. நாற்பது வருஷத்துக்கு மேல் அதற்குள்ளேயே இருந்துவிட்டேன். அவரும் என்னிடம் அப்படித்தான். 'தம்பி' என்பார், அதற்கு மேல் 'நீ'யும் இல்லை, 'நீங்க'வும் இல்லை.

மிஷின்காரர் ஆத்தூர் பக்கத்திலிருந்து வருகிறார். யார் என்ன என்று ஊருக்குத் தெரியாது. அதனால் 'வாங்க' சுலபமாக வருகிறது. தெரிந்தவருக்குத்தான் வரவில்லை.

களத்தில் நெல் கிளறுகிறவர் அதே ஆள்தான். இப்போது அவருக்கு எழுபது.

மறுநாள் காலையில் தூக்கில் டீ கொண்டுபோனேன். இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், வெட்கமாகத்தான் இருந்தது. "வாங்கண்ணே, டீ சாப்பிடுங்க."

கிளறுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அப்புறம் திரும்பிக்கொண்டு, "அங்க வச்சிடு தம்பி, இந்தப் பாத்தியை முடிச்சிட்டு வரேன்" என்றார்.

வச்சிடு. அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் ஒருமை அது. வயசுக்கு மூத்தவர் இளையவரிடம் பேசுகிற ஒருமை. நான் டீயை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.