ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் ஸ்டீல் கிட்டார்: ஒரு பழைய கணக்கு

மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கத்திலிருந்து போன் வந்தபோது, "என்ஜினியர்தானே, ஏதாவது டெக்னிக்கலா எழுதுங்க" என்றார்கள். டெக்னிக்கலாகத்தான் எழுதப்போகிறேன். கூடவே ஒரு சரித்திரமும், ஒரு மன்னிப்பும் இருக்கிறது. மன்னிப்பு கடைசியில் வரும்.

2009-ஆம் வருடம், நம் கல்லூரிக் கலை விழா. நான் மூன்றாம் ஆண்டு. மைக் செட் பொறுப்பு எனக்கு. என் ஹாஸ்டல் அறைத் தோழன் ஒருவனிடம் ஒரு ஹவாயன் கிட்டார் இருந்தது. அவனுடைய பெரியப்பா அந்தக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் வாசித்தது. மடியில் படுக்கப் போட்டு, இடது கையில் ஓர் இரும்பு உருளையைக் கம்பிமேல் வழுக்கிக்கொண்டே வாசிப்பான். ராத்திரி பதினோரு மணிக்கு அவன் பழைய சினிமாப் பாட்டு ஒன்றை இழைத்தால், பக்கத்து அறைக்காரர்களும் பாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவ்வளவு இனிமை!

விழா அன்றைக்கு வாடகைக்குச் சொல்லியிருந்த கிட்டார் ஆம்ப்ளிஃபயர் வரவில்லை. நான்தான் தைரியம் சொன்னேன்: "மச்சான், ஆம்ப் எதுக்குடா? நேரா மிக்ஸர்ல சொருகிடலாம். அதுவும் ஆம்ப்ளிஃபயர்தானே!" ஐம்பது அடி வயரை இழுத்துச் சொருகினேன். வந்த சத்தம் ஜலதோஷம் பிடித்தவன் பேசுவதுபோல் இருந்தது. வால்யூமை ஏற்றினேன், ட்ரெபிளைத் திருகினேன். 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல், மேலே 'ஸ்ஸ்' என்று இரைச்சல். அதைவிட மோசம், இரண்டாவது அடியிலேயே அவன் சுருதி விலக ஆரம்பித்தது. கூட்டம் ஊளையிட்டது. மறுநாளிலிருந்து அவனுக்கு 'அபஸ்வரம்' என்று பட்டப்பெயர். அந்தக் கிட்டாரை அவன் அதற்கப்புறம் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

அன்றைக்குத் தப்பு யாருடையது? இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. அதற்கு இந்த வாத்தியத்தின் கதையை முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு மாணவன் செய்த வேலை

ஸ்டீல் கிட்டார் பிறந்ததே ஒரு பள்ளிக்கூடத்தில்தான். 1880-களின் கடைசியில் ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுகு என்ற மாணவன், கிட்டார் கம்பிமேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கிப் பார்த்தான் என்று சொல்வார்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிச் செல்லும் அந்த ஒலி அவனை விடவில்லை. இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியன் என்பவர் அதற்கு முன்பே ஹவாயில் இப்படி வாசித்தார் என்றும் ஒரு கதை உண்டு. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஹவாய் இசைப் பைத்தியம் பிடித்தது.

ஒரே ஒரு குறை. சத்தம் போதாது. ட்ரம்பெட்டும் டிரம்ஸும் இருக்கிற பேண்டில் இந்தக் கிட்டார் காணாமல் போய்விடும். 1927-இல் உள்ளே அலுமினியக் கூம்புகள் வைத்த உலோகக் கிட்டார்கள் வந்தன. அதுவும் போதவில்லை. 1931-இல் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் கம்பிக்கு அருகே காந்தமும் செம்புச் சுருளும் வைத்து, கம்பியின் அதிர்வை நேரடியாக மின்சாரமாக மாற்றினார். அடுத்த வருடம் அது விற்பனைக்கு வந்தது. வட்டமான உடம்பு, நீளமான கழுத்து. அதனால் அதன் செல்லப்பெயர் 'வாணலி'! வியாபாரரீதியாக ஜெயித்த முதல் எலெக்ட்ரிக் கிட்டார் ஒரு ஸ்டீல் கிட்டார்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பிறகு அதற்குக் கால் முளைத்தது. மேஜைபோல நிற்கவைத்து, காலால் மிதிக்கும் பெடல்களைச் சேர்த்தார்கள். மிதித்தால் குறிப்பிட்ட சில கம்பிகளின் சுருதி மட்டும் மாறும். அதுதான் பெடல் ஸ்டீல். 1953-இல் பட் ஐசக்ஸ் என்பவர் ஒரு பாட்டின் ஒலிப்பதிவில், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். அது 1954-இல் பெரிய வெற்றி பெற்றது. அமெரிக்கக் கிராமியப் பாட்டின் அழுகைக் குரலே அதுவாகிவிட்டது.

இதில் ஒன்றை கவனிக்க வேண்டும். இந்த எலெக்ட்ரிக் வாத்தியம் பிறக்கும்போதே ஆம்ப்ளிஃபயரோடு பிறந்தது. பெட்டி தனி, வாத்தியம் தனி என்று அதில் கிடையாது. பாதி வாத்தியம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

நம் பக்கத்துக் கதை

ஹவாய் இசை இந்தியாவுக்கும் வந்தது. டௌ மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940-களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்றும் கொடுத்தார். பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா இந்தக் கிட்டாரில் முழு ராகங்களை வாசித்தார். 1967-இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் சேர்ந்து தந்த இசைத்தட்டு இன்றும் வீடுகளில் ஒலிக்கிறது. 1992-இல் விஸ்வமோகன் பட் தம் மோகன வீணையோடு, அமெரிக்கர் ரை கூடருடன் கலிஃபோர்னியாவில் ஒரு தேவாலயத்தில் உட்கார்ந்து வாசித்தார். பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவி அலெக்ஸாண்டர். கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. நல்ல மைக், நல்ல கட்டடம், நல்ல காது, அவ்வளவுதான். 1994-இல் அதற்கு கிராமி விருது கிடைத்தது.

ஆனால் வழுக்கி வாசிப்பது நமக்குப் புதுசா? நம்முடைய கோட்டு வாத்தியத்தை மறந்துவிடக்கூடாது. பார்ப்பதற்கு வீணை மாதிரி இருக்கும், மெட்டு இருக்காது. கம்பிமேல் ஒரு மரக்கட்டையை வழுக்கி வாசிப்பார்கள். மொத்தம் 21 கம்பிகள். அவற்றில் ஒரு வரிசையைத் தொடவே மாட்டார்கள். மேலே வாசிக்க வாசிக்க அவை தானே அதிரும். நூறு வருடத்துக்கு முன் திருவிடைமருதூர் சகாராம ராவ் இதைப் பிரபலப்படுத்தினார். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிடம் பாடம் கேட்டவர். மைசூர் சமஸ்தான வித்வானாக இருந்த நாராயண ஐயங்கார் இதை இன்னும் செம்மைப்படுத்தினார். அவருடைய பேரன் ரவிகிரண் காலத்தில் இது சித்ரவீணை என்ற பெயரில் உலகம் சுற்றியது.

நம் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய வித்வான் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்தவர். கலாக்ஷேத்ரா திருவான்மியூருக்கு வந்த 1960-களில் அந்த ஊர் சென்னை நகருக்கு வெளியே, நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது! இன்றைக்கு மாமல்லபுரத்துக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்கும் அதே ஊரில், அதே உப்புக்காற்றில், ஆம்ப்ளிஃபயர் பெட்டி எதுவும் இல்லாமல் ஒருவர் கம்பிமேல் கட்டையை வழுக்கி ராகம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அவர்களுக்கு எப்படி முடிந்தது? முதலில் சின்னக் கூடம், அரண்மனை, கோயில் மண்டபம். நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். பிறகு முன்னால் ஒரு மைக் வந்தது. அப்புறம் உடம்பிலேயே ஒட்டும் காண்டாக்ட் மைக். எதுவானாலும் வாத்தியத்தின் குரல் அதன் பலாமரக் குடத்திலேயே முழுசாக இருந்தது. அதைப் பெரிதுபடுத்தினால் போதும். வாசிப்பவருக்கும் தன் வாத்தியம் மடியிலிருந்தே கேட்கும்.

என் நண்பனிடம் இருந்தது அந்த ஜாதி இல்லை. அவனுடையது 'வாணலி' ஜாதி. பெட்டியை எடுத்துவிட்டால் பாதி வாத்தியம் போய்விடும்.

பெட்டி செய்யும் மூன்று வேலைகள்

தம்பி தங்கைகள் இதை கவனமாகப் படிக்கவும். லேபில் உதவும்.

முதல் வேலை, பாரம் ஏற்றாமல் இருப்பது. பிக்கப் என்பது பல ஆயிரம் சுற்றுச் செம்புக் கம்பி. அது தரும் மின்சாரம் மிகமிகக் கொஞ்சம். கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் வாசலில் மின்தடை சுமார் 10 லட்சம் ஓம். சாதாரண மிக்ஸரின் லைன் வாசலில் சுமார் 10 ஆயிரம் ஓம்தான். கன்றுக்குட்டியை நெல் வண்டியில் பூட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. சத்தமும் போனது, கூர்மையும் போனது. ஐம்பது அடி வயர் மிச்சமிருந்த கூர்மையையும் குடித்துவிட்டது. மேடை விளக்கின் உறுமலை மட்டும் தாராளமாக வாங்கிக்கொண்டது.

இரண்டாவது, நிறம் கொடுப்பது. கிட்டார் பெட்டியில் உள்ள 12 அங்குல, 15 அங்குல ஸ்பீக்கர்கள் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அடங்கிவிடும். மேடை ஸ்பீக்கர்கள் 15,000-த்தையும் தாண்டும். முதல் குறையைச் சரிசெய்து நேராக விட்டால்கூட, இரும்பு உருளை கம்பியில் உரசுவதெல்லாம் பல்லைக் கூசவைக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். பெட்டி வாசிப்பவனுக்குக் கண்ணாடி. இது எனக்குப் புரிந்தது மாமல்லபுரத்தில். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு ஜனவரியில், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் ஏறி, அங்கே நடக்கும் நாட்டிய விழாவுக்குப் போனேன். திறந்தவெளி மேடை, பக்கத்தில் கடல். சத்தம் திரும்பி வர நான்கு சுவர் கிடையாது. காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். பழக்க தோஷத்தில் மிக்ஸர் அருகே நின்றேன். வீணை வாசிக்க வந்தவர் இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, மானிட்டர்ல இன்னும் கொஞ்சம் குடுங்க. எனக்குக் கேட்டாத்தான் சபைக்குக் கேக்கும்" என்றார்.

எனக்கு சுரீர் என்றது. மெட்டு உள்ள வீணைக்கே இந்தக் கவலை! மெட்டில்லாத வாத்தியத்தில் காதுதான் மெட்டு. அன்றைக்கு என்னிடம் இருந்த ஒரே மானிட்டரைப் பாடகருக்குக் கொடுத்திருந்தேன். நண்பனை ஸ்பீக்கருக்குப் பின்னால் ஓரத்தில் உட்காரவைத்தேன். எலெக்ட்ரிக் ஸ்டீலுக்குக் குடமும் கிடையாது, மடியில் ஒன்றும் கேட்காது. அவனுக்குக் கேட்டதெல்லாம் ஹாலின் கடைசிச் சுவரில் மோதித் திரும்பி வந்த ஒலிதான். முப்பது மீட்டர் ஹாலில் போய் வர ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நொடி ஆகும். போன சுரத்தைக் கேட்டுக்கொண்டு அடுத்த சுரத்தில் உருளையை எங்கே நிறுத்துவது? கண்ணைக் கட்டிக் கோலம் போடச் சொன்ன மாதிரி. அவன் சுருதி விலகவில்லை நண்பர்களே. நான் அவன் காதைப் பிடுங்கிவிட்டேன்.

இன்றைக்கு எப்படி?

ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் மேடையில் வாசிக்கவே முடியாதா என்றால், தாராளமாக முடியும். அமெரிக்காவிலேயே பல பெடல் ஸ்டீல் கலைஞர்கள் பெட்டி தூக்குவதை விட்டுவிட்டார்கள். முதுகுவலி முதல் விமானச் சுமைக் கட்டணம் வரை காரணங்கள். ஆனால் அந்த மூன்று வேலைகளையும் வேறு யாராவது செய்தாக வேண்டும்.

பாரத்துக்கு டைரக்ட் பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி. 1960-களில் டெட்ராய்ட் நகரின் மோடவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேஸ் கிட்டாரை இப்படித்தான் நேராகப் பதிவு செய்தார்கள். வாத்தியத்தின் பக்கம் அதிக மின்தடையைக் காட்டும், மிக்ஸரின் பக்கம் உறுமல் வாங்காத மைக் லைனாக அனுப்பும். பெடல் ஸ்டீலுக்கு மின்சாரம் ஏற்றி இயங்கும் வகைதான் நல்லது. நிறத்துக்கு ஸ்பீக்கரைப்போல ஒலியை மாற்றித் தரும் ப்ரீஆம்ப். 1989-இல் வந்த சான்ஸ்ஆம்ப் இதற்கு முன்னோடி. இப்போது இதெல்லாம் டிஜிட்டலில் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. கண்ணாடிக்கு, வாசிப்பவர் முன்னால் அவருக்கென்றே ஒரு மானிட்டர், அல்லது காதுக்குள் வைக்கும் இயர்போன். இந்த மூன்றாவதை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மிக்ஸரில் நிற்பவன், "உனக்குக் கேக்குதா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 2009-இல் நான் கேட்கவில்லை.

இந்த வருடச் சந்திப்புக்கு அவனும் குடும்பத்தோடு வருவதாகக் கேள்விப்பட்டேன். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் செட்டுக்குத் தெரியும். டேய் மச்சான், அன்றைக்கு அபஸ்வரம் உன்னுடையது இல்லை, என்னுடையது. எல்லோர் முன்னாலும் அச்சில் சொல்லிவிட்டேன். பெரியப்பாவின் கிட்டாரைக் கையோடு கொண்டு வா. டைரக்ட் பாக்ஸ், ப்ரீஆம்ப், வயர் எல்லாம் என் காரில் இருக்கும். மானிட்டர் முழுக்க உனக்குத்தான். ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் வாசித்தாலும் சரி, அதே ஆடிட்டோரியத்தில் வாசித்தாலும் சரி.

பாயைத் தூக்கிக்கொண்டு வர நாங்கள் தயார்.