மணிக்கூட்டுக்குள்ள ஒரு நோபல் பரிசு

விலைகூடின சுவிஸ் மணிக்கூடு எண்டால் எங்களுக்குத் தங்கமும் வைரமும்தான் ஞாபகம் வரும். ஆனால் அதன் துல்லியம் இருப்பது, உள்ளே தலைமுடி போல மெல்லிய ஒரு ஸ்பிறிங்கில். அது சுருங்கி விரிய, ஒரு சின்னச் சில்லு முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டந்தான் நேரத்தை எண்ணுது.

சிக்கல் சூடுதான். சாதாரண உருக்கு ஸ்பிறிங் சூட்டில் தளரும். ஒரு பாகை செல்சியஸ் கூடினாலே மணிக்கூடு நாளுக்குப் பத்து விநாடியளவு பிந்திப்போகும். பித்தளையையும் உருக்கையும் சேர்த்துச் சில்லுச் செய்து ஈடுகட்டிப் பார்த்தார்கள். பிழை குறைந்தது, முழுசாகத் தீரவில்லை.

தீர்த்தவர் சாள்ஸ் எடுவார் கியோம். சுவிஸ் மணிக்கூட்டுக்காரர் ஒருவரின் மகன். பரிஸுக்குப் பக்கத்தில், செவ்ரிலுள்ள சர்வதேச அளவைப் பணியகத்தில் வேலை செய்தவர். அங்கே அவர் தேடியது மீற்றர் அளவுகோல் செய்யப் பிளாற்றினத்தைவிட மலிவான ஓர் உலோகத்தை! 1896இல், சூட்டில் விரிவதே தெரியாத நிக்கல் உருக்கைக் கண்டுபிடித்தார், பெயர் இன்வார். பிறகு குரோமியமும் சேர்த்து எலின்வாரை உருவாக்கினார். அதில் செய்த ஸ்பிறிங் சூட்டில் தளராது. 1920இன் பௌதிகவியல் நோபல் பரிசு அவருக்குத்தான்.

மணிக்கூட்டின் முகத்தில் கம்பனியின் பெயர் இருக்கும், கியோமின் பெயர் இராது. வரலாறு படிக்கிற நாங்கள் மூடியைத் திறந்தும் பார்க்கவேணும்.