மஃரிபுக்குப் பின் மேற்கில் ஓர் ஒளிப்புள்ளி: புதன் கோளைப் பார்ப்பது எப்படி?

வெறும் கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு முறைகூடப் பார்க்காதது புதன். அரபியில் இதன் பெயர் உதாரித். மாதந்தோறும் பிறை தேடும் நமக்கு இது தோன்றும் இடம் புதிதல்ல. தலைப்பிறை தெரியும் அதே தாழ்வான மேற்கு வானம்தான். நேரமும் ஏறக்குறைய அதேதான்.

ஏன் கடினம்?

புதன் சூரியனிலிருந்து சராசரியாக 5 கோடியே 80 லட்சம் கி.மீ. தொலைவில் 88 நாட்களுக்கு ஒரு முறை அதைச் சுற்றி வருகிறது. இவ்வளவு நெருக்கமாகச் சுற்றுவதால், பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனை விட்டு 18 முதல் 28 பாகைக்கு மேல் அது விலகுவதே இல்லை. அதனால் நள்ளிரவு வானில் புதனைக் காண முடியாது. மாலையில் சூரியன் மறைந்த பின்போ, அதிகாலையில் உதிக்கும் முன்போதான் தெரியும். அதுவும் அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம்.

ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு முறை மாலை வானுக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் போல நன்றாகத் தெரியும். மாலைத் தோற்றத்தில் முதலில் பிரகாசமாக இருந்து, நாட்கள் செல்லச் செல்ல மங்கும். எனவே உச்ச விலகல் நாளுக்கு முந்தைய ஒரு வாரமே சிறந்தது.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. 12 பாகை வட அட்சரேகையில் உள்ள நம் பகுதியில் கோள்கள் ஏறக்குறைய செங்குத்தாக மறைகின்றன. ஐரோப்பாவின் வட நாடுகளில் அவை சாய்வாக இறங்குவதால் புதன் அந்தி ஒளியிலேயே மூழ்கிவிடுகிறது.

கனகசெட்டிக்குளத்தில் எங்கே நிற்பது?

காலாப்பட்டுக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர் இது. இங்கே பலர் செய்யக்கூடியது, மாலையில் கடற்கரைக்குப் போய்விடுவது. நம் கடல் கிழக்கே இருக்கிறது. அது அதிகாலைப் புதனுக்கு ஏற்ற இடம். மாலைப் புதனுக்கு மேற்கு தொடுவானம் திறந்திருக்க வேண்டும். மரங்களும் கட்டடங்களும் மறைக்காத மொட்டை மாடி போதும். வடக்கே சற்றுத் தூரம் போக முடிந்தால், கழுவெளி ஏரியின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கு வானம் நன்கு விரிந்து தெரியும்.

2026இல் எப்போது?

இவ்வாண்டின் மாலை உச்ச விலகல்கள் பிப்ரவரி 19, ஜூன் 15, அக்டோபர் 12 ஆகிய நாட்களில் அமைகின்றன. ரமழான் பிறையைத் தேடிய பிப்ரவரி 18 மாலையில், மெல்லிய பிறைக்குச் சில பாகை மேலே புதன் இருந்தது.

அடுத்த நல்ல வாய்ப்பு ஜூன் இரண்டாம் வாரம். ஜூன் 16 மாலையில் முஹர்ரம் பிறை தாழ்வாக நிற்கும். அதன் அருகில் புதன், அதற்கு மேலே வியாழன், இன்னும் மேலே வெள்ளி. பிரகாசமான வெள்ளியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் புதனைத் தவறவிட மாட்டீர்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை நெருங்குவதால் மேகம் தடையாகலாம்.

பார்க்கும் முறை

* ஜூன் நடுவில் இங்கே சூரியன் மறைவது மாலை 6.36 அளவில். மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தால் நேரம் சரியாக இருக்கும். மறைவுக்குப் பின் 30 முதல் 45 நிமிடம் வரையே பொன்னான நேரம்.
* கையை நீட்டி முட்டியை மடக்கினால் அது ஏறத்தாழ 10 பாகை. தொடுவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்திலும் சற்று மேலேயும் தேடுங்கள்.
* தொடுவானத்துக்கு அருகில் இருப்பதால் புதனும் மின்னும். "மின்னினால் நட்சத்திரம்" என்ற பழைய விதி இங்கே உதவாது.
* பைனாகுலர் இருந்தால் நல்லது. ஆனால் சூரியன் முழுதாக மறையும் வரை அதைத் தொடவே கூடாது. கண் பார்வை போய்விடும். பிள்ளைகளிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

பள்ளிவாசலில் பிறந்த கணக்கு

புதனின் பாதையைக் கணிப்பது பண்டைய வானியலாளர்களுக்குப் பெரும் சவால். அதற்குச் சிறந்த விடை தந்தவர்களில் ஒருவர் இப்னு அஷ்ஷாத்திர். 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் முவக்கித்தாகப் பணியாற்றியவர். கோப்பர்நிக்கஸ் 1543இல் வெளியிட்ட நூலில் உள்ள புதன் மாதிரி இவருடையதை மிகவும் ஒத்திருப்பதை 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

புதுச்சேரி தந்த பாடம்

மற்றோர் உட்கோளான வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க, பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில் புதுச்சேரியில் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடியது. கடப்பு முடிந்த பின் வானம் தெளிந்தது. அடுத்த வாய்ப்பு 105 ஆண்டுகளுக்குப் பிறகுதான். புதன் அவ்வளவு கடுமை காட்டுவதில்லை. இன்று மேகம் என்றால் நாளை பார்க்கலாம். இந்த முறை தவறினால் சில மாதங்களில் மீண்டும் வரும்.

குடும்பத்தோடு நான்கைந்து மாலைகள் முயன்று பாருங்கள். அந்தி ஒளியில் மங்கலான ஒன்றைத் தேடிப் பழகிய கண், கோளின் புள்ளியையும் பிறையின் கீற்றையும் பிரித்தறியும். பிறை கண்டதாகச் சாட்சி சொல்ல வேண்டிய நாளில் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.