மின்சாரம் எட்டாத ஊரில் ஒரு சொத்தைப்பல்

பல்வலி வந்த இரவு எவ்வளவு நீளமானது என்பதை நம்மில் அறியாதார் இலர். விடிந்ததும் மருத்துவரை நாடலாம் என்ற நம்பிக்கையில்தான் அவ்விரவைக் கழிக்கிறோம். அந்நம்பிக்கைக்கும் வழியற்ற ஊர்கள் உலகில் எத்தனையோ உண்டு. அங்கெல்லாம் சொத்தைப்பல்லுக்கு நெடுங்காலம் ஒரே மருத்துவந்தான் இருந்தது: பிடுங்கி எறிதல்.

இந்நிலையை மாற்றும் முயற்சியொன்று 1980களின் நடுவில் கிழக்கு ஆப்பிரிக்க நாடான தான்சானியாவில் தொடங்கிற்று. தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நெதர்லாந்து நாட்டுப் பல் மருத்துவர் யோ ஃபிரென்கன் அதன் முன்னோடி. பல்லைத் துளைக்கும் எந்திரத்திற்கு மின்சாரம் வேண்டும். பழுதானால் சீர்செய்ய ஆள் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத சிற்றூரில் அது வெறும் இரும்பே. ஆகவே அவர் எந்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கைக்கருவிகளை மட்டும் நம்பினார்.

முறை மிக எளியது. நோயாளி ஒரு மேசைமீது படுத்துக்கொள்கிறார். சிறு கரண்டி போன்ற கருவியால் பல்லின் மெத்தென்று இளகிய பகுதி சுரண்டி எடுக்கப்படுகிறது. கெட்டியான பகுதியைத் தொடுவதில்லை. எனவே பெரும்பாலும் மரத்துப்போக ஊசியும் தேவையில்லை. பிறகு பஞ்சால் குழியை உலர்த்தி, பொடியையும் நீர்மத்தையும் குழைத்த சிமெண்டை நிரப்பி, வாசலின் தடவிய விரலால் அழுத்துகிறார்கள். ஒரு மணி நேரம் எதையும் உண்ணலாகாது. அவ்வளவே!

இம்முறைக்கு வலுவூட்டியது கிளாஸ் அயனோமர் என்னும் சிமெண்ட். லண்டன் அரசு வேதியியல் ஆய்வகத்தில் வில்சன், கென்ட் என்னும் இருவர் உருவாக்கி, 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட பொருள் அது. பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும். ஃபுளூரைடையும் சிறிது சிறிதாகக் கசியவிடும்.

ஐயுற்றோர் பலர். ஏழைகளுக்கு இரண்டாந்தர மருத்துவமா என்ற வினாவை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அதற்கு விடை காணவே தாய்லாந்தில் 1991இலும், ஜிம்பாப்வேயில் 1993இலும் கள ஆய்வுகள் தொடங்கின. நிலைத்த பற்களில் ஒரு பக்கம் மட்டும் அடைத்தவை மூன்றாண்டுகளுக்குப் பின்னும் பெரும்பாலும் நிலைத்திருந்தன. பால்பற்களில் இரு பக்கங்களைத் தொட்டு அடைத்தவை அவ்வளவு தாங்குவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1994 ஏப்ரல் 7, உலக சுகாதார நாளன்று, உலக சுகாதார நிறுவனம் இம்முறையை ஆதரித்து அறிவித்தது. எந்திரத்தின் ஓசைக்கு அஞ்சும் குழந்தைகளுக்காகச் செல்வ நாட்டு மருத்துவர்களும் பின்னர் இதைக் கைக்கொண்டனர் என்பது நமக்கு இனிய வியப்பு.

2021இல் அந்நிறுவனம் தன் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இச்சிமெண்டைச் சேர்த்துக்கொண்டது. ஃபுளூரைடு பற்பசையும், சொத்தையைச் சுரண்டாமலே அதன்மீது பூசி நிறுத்தும் வெள்ளி டையமின் ஃபுளூரைடும் உடன் இடம்பெற்றன. பின்னது மலிவானது, ஓரிரு நிமிடங்களில் பூசி முடியக்கூடியது. ஆனால் பூசிய சொத்தை கன்னங்கரேலென்று ஆகிவிடும். முன்பல்லாயின் தாய்மார் தயங்குவதில் வியப்பில்லை.