வேர்க்குழாய் நிரப்பல்: கசிவுச் சோதனைகளின் வரலாறு

வேர்க்குழாய் நிரப்பல்: கிருமி தாக்கிக் கெட்டுப்போன பல்லின் உட்கூழை அகற்றி, அது இருந்த குழாயைத் துப்புரவாக்கி, கிருமி மறுபடி குடியேறாதபடி அடைத்துவிடும் பல் மருத்துவ முறை. பேச்சு வழக்கில் 'ரூட் கெனால்' என்பது இந்தச் சிகிச்சை முழுவதையும் குறிக்கும். அடைப்பையும் மீறி உமிழ்நீரோ திசுநீரோ கிருமியோ உள்ளே புகுவது கசிவு எனப்படும். எந்த அடைப்பு முறையில் கசிவு குறைவு என்று கண்டறிய இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏராளமான சோதனைகள் நடந்தன.

தொடக்கம்

பிலடெல்பியாவில் எட்வர்டு ஹட்சன் 1809இல் தங்கத் தகட்டால் வேர்க்குழாயை நிரப்பினார் என்று பல் மருத்துவ வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. இன்றும் புழங்கும் கட்டாப்பெர்ச்சா, மலாயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது. சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் அதை மேலை நாட்டினருக்கு அறிமுகப்படுத்தினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதே பொருள்தான். இதை வேர்க்குழாயில் முதலில் இட்டவர் 1867இல் செயின்ட் லூயிஸ் நகரின் ஜி.ஏ. பௌமன் என்பது பரவலான கூற்று. அதற்கு முன்பே பிறர் இட்டிருக்கலாம். 1887இல் எஸ்.எஸ். ஒயிட் நிறுவனம் இதைக் குச்சிகளாகத் தயாரித்து விற்கத் தொடங்கியது. இன்றைய குச்சியில் கட்டாப்பெர்ச்சா சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். எஞ்சியதில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு.

1910இல் மான்ட்ரியலில் வில்லியம் ஹன்டர் ஆற்றிய உரைக்குப் பிறகு, பல்லில் தங்கிய சீழ் உடலெங்கும் நோய் பரப்பும் என்ற கருத்து வலுத்தது. காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் பெருமளவில் பிடுங்கப்பட்டன.

கசிவுக் கொள்கை

1931இல் ரிக்கர்ட், டிக்சன் இருவரும் முயல்களின் உடலில் உள்ளீடற்ற உலோக ஊசிகளைப் பதித்தனர். ஊசிகளின் திறந்த முனைகளைச் சுற்றி அழற்சி தோன்றியது. வெற்றுக் குழாயில் திசுநீர் புகுந்து தேங்கிக் கெடுவதே நோய்க்குக் காரணம் என்ற கொள்கை இதிலிருந்து பிறந்தது. 1960களில் கோல்ட்மன், பியர்சன், டோர்னெக் ஆகியோர் செய்த சோதனைகள் இதை மறுத்தன: தூய்மையான குழாய் வெறுமையாக இருந்தாலும் சுற்றியுள்ள திசு ஆறியது. 1965இல் காகெஹாஷி குழுவினர் கிருமியற்ற சூழலில் வளர்த்த எலிகளின் பற்களைத் திறந்து விட்டுவைத்தனர், உட்கூழ் அழியவில்லை. நோய்க்கு மூலம் தேங்கிய நீரன்று, கிருமியே என்பது இவற்றால் வலுப்பெற்றது. ஆயினும் பழைய கொள்கையிலிருந்து பிறந்த சோதனை முறை நிலைத்துவிட்டது.

1955இல் டௌ, இங்கிள் இருவரும், நன்றாக நிரப்பிய பற்களையும் சரியாக நிரப்பாத பற்களையும் கதிரியக்க அயோடின் கரைசலில் இட்டனர். சரியாக நிரப்பாதவற்றில் அயோடின் ஆழமாகப் புகுந்திருந்தது. பின்னர் இங்கிள் வாஷிங்டன் பல்கலைக்கழக நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, தோல்விகளில் ஏறத்தாழ 59 விழுக்காட்டுக்குக் குழாய் முழுமையாக அடைபடாததே காரணம் என்றார். இந்த எண் பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெற்றது. சரியாக அடைபடாத குழாய் சரியாகத் துப்புரவு செய்யப்படாததாகவும் இருந்திருக்கும் என்பது பின்வந்தோர் எழுப்பிய மறுப்பு.

சாயச் சோதனைகளின் காலம்

நிரப்பும் முறைகள் பெருகியபோது ஒப்பீடும் பெருகியது. குளிர்ந்த பக்கவாட்டு அமுக்க முறையில் ஒரு தடித்த குச்சியை இறக்கி, கூரிய கருவியால் ஓரமாக அமுக்கி, கிடைக்கும் இடத்தில் மெல்லிய குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகுவார்கள். குச்சிகள் ஊதுவத்திக் கட்டுப்போல் நெருங்கி நிற்கும். இடைவெளிகளை மூடுவது சீலர் எனப்படும் பசை மட்டுமே. 1967இல் பாஸ்டனின் ஹெர்பர்ட் ஷில்டர், குச்சியைச் சூட்டால் இளக்கிச் செங்குத்தாக அமுக்கும் முறையை வலியுறுத்தினார். கிளைக்குழாய்களுக்குள்ளும் பொருள் புகுவதை எக்ஸ்ரேயில் காண முடிந்ததால் பலர் இதற்கு மாறினர். ஆனால் சூடான கட்டாப்பெர்ச்சா ஆறும்போது சுருங்கும். 1970களின் பிற்பகுதியில் உருக்கி ஊசிவழி செலுத்தும் முறையும், உறுதியான தண்டின் மீது பூசி இறக்கும் முறையும் வந்தன.

இவற்றை ஒப்பிட்ட சோதனை பெரும்பாலும் ஒரே வகையானது. பிடுங்கிய பற்களை நிரப்பி, சீலர் இறுகும்வரை 37 டிகிரி வெப்பத்தில் ஈரமாக வைப்பார்கள். வேர்நுனியில் ஓரிரு மில்லிமீட்டர் நீங்கலாகப் பல் முழுவதும் நகப்பூச்சு இரண்டு முறை பூசி, மெத்திலீன் நீலத்திலோ இந்தியன் மையிலோ சில நாள் ஊறவைப்பார்கள். பிறகு பல்லைப் பிளந்து, சாயம் எத்தனை மில்லிமீட்டர் ஏறியது என்று அளப்பார்கள். சில ஆய்வாளர்கள் பிளப்பதில்லை. நைட்ரிக் அமிலத்தில் பல்லின் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து, ஆல்கஹாலில் நீரை நீக்கி, வலித் தைலங்களில் மணக்குமே, அந்த மெத்தில் சாலிசிலேட்டில் இடுவார்கள். பல் ஒளி ஊடுருவும் பொருளாகிவிடும். குழாயின் வளைவும் நுனியருகே பிரியும் கிளைகளும் உள்ளே ஏறிய மையும் ஒரே பார்வையில் தெரியும். பல் மருத்துவ ஆய்வில் இவ்வளவு அழகாகத் தயாராகும் மாதிரி வேறு அரிது.

ஆனால் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஓர் ஆய்வில் வென்ற முறை அடுத்ததில் தோற்றது. 1989இல் ஸ்பாங்பெர்க் குழுவினர், குழாய்க்குள் சிக்கிய காற்று சாயத்தைத் தடுத்து அளவீட்டைப் பொய்யாக்குவதைக் காட்டினர். ஆம்ஸ்டர்டாமின் வூ, வெசலிங்க் இருவரும் 1993இல், ஒரே முறைக்கே ஆய்வுகள் தந்த எண்கள் வெகுவாக மாறுபடுவதைச் சுட்டினர். கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற பொருள்கள் மெத்திலீன் நீலத்தை வெளுக்கச் செய்வதும் தெரியவந்தது. அப்படிப்பட்ட பொருள்களில் கசிவு இருந்தும் தென்படாமல் போயிருக்கலாம். 2001இல் ஆஸ்திரேலியாவின் ஆலிவர், அபட் இருவரும், வாயில் வெற்றியாக இருந்த பற்களிலும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சாயம் புகுவதைக் கண்டு, சிகிச்சை பலிக்குமா என்பதைச் சாயம் சொல்லாது என்றனர். திரவ அழுத்தம், குளுக்கோஸ், கிருமி ஆகியவற்றைக் கொண்டு நடந்த மாற்றுச் சோதனைகளும் தமக்குள் உடன்படவில்லை.

மேலிருந்து வரும் கசிவு

1980களின் இறுதிவரை பெரும்பாலும் வேர்நுனிக் கசிவே பேசப்பட்டது. 1990இல் டோராபினெஜாட் குழுவினர், மேல்மூடி இல்லாத நிரப்பிய வேர்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஒரு வகைக் கிருமி 19 நாளிலும் இன்னொன்று 42 நாளிலும் முழு நீளமும் கடந்ததைக் காட்டினர். 1995இல் ரே, ட்ரோப் இருவரும் 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்தனர். வேர் நிரப்பலும் மேல் அடைப்பும் நன்றாக இருந்தவற்றில் 91.4 விழுக்காடு அழற்சியின்றி இருந்தன. இரண்டும் மோசமானவற்றில் 18.1 விழுக்காடு மட்டுமே. மேல் அடைப்பே முக்கியம் என்பது அவர்கள் முடிவு. 2000இல் நார்வேயின் ட்ரான்ஸ்டாட் குழுவினர் 1,001 பற்களை ஆராய்ந்து, வேர் நிரப்பலே முக்கியம் என்றனர். 2011இல் கில்லன் குழுவினர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து இரண்டுக்கும் ஒத்த பங்கு உண்டென்றனர். இருந்தும் விவாதம் முழுமையாக ஓயவில்லை.

அண்மைக் காலம்

2004இல் வந்த ரெசிலான் என்ற செயற்கைப் பொருள் தொடக்கக் கிருமிச் சோதனைகளில் கட்டாப்பெர்ச்சாவை வென்றது. அது சிதைவுறுவது பின்னர் தெரிந்தது, நோயாளிகளிடமும் தோல்வி மிகுந்தது, வழக்கொழிந்தது. 2007இல் ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ் இதழின் ஆசிரியர் குழு, இவ்வகைக் கசிவு ஒப்பீடுகளை இனி வெளியிடுவதில்லை என அறிவித்தது. அதே ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, சூடான முறைக்கும் குளிர்ந்த பக்கவாட்டு முறைக்கும் சிகிச்சைப் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. சூடான முறையில் பொருள் நுனிக்கு வெளியே தள்ளப்படுவது மட்டும் கூடுதலாக இருந்தது. கால்சியம் சிலிகேட் சீலருடன் ஒற்றைக் குச்சியை இறக்கும் முறை தற்போது பரவிவருகிறது.

முற்றிலும் கசிவற்றது என நிறுவப்பட்ட முறை இன்றுவரை எதுவும் இல்லை. நிரப்பிய குழாய் மேல்மூடி இன்றி மூன்று மாதம் உமிழ்நீரில் கிடந்தால், பழைய நிரப்பலை நீக்கி மறுபடி நிரப்புவதே பொதுவான பரிந்துரை.