மெக்கன்சி ஆற்றங்கரையில் ஓர் அயர்லாந்துக்காரரின் குளிர்காலங்கள்

அயர்லாந்தின் லண்டன்டெரி நகரில் 1827-இல் பிறந்த பெர்னார்டு ரோகன் ராஸ், 1843-இல் உரோமத் தோல் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடா கம்பெனியின் வேலையை ஏற்றுக் கனடாவின் வடபுலத்துக்கு வந்தார். உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தைச் சூறையாடத் தொடங்கியது அதற்கு இரண்டாண்டு கழித்துத்தான். எனவே பசிக்குத் தப்பிக் கப்பலேறிய லட்சக்கணக்கானோரின் வரிசையில் இவரைச் சேர்க்க முடியாது. ஆனால் இவர் பொறுப்பேற்ற மண்ணில் பசி பத்தாண்டுக்கொரு முறை தவறாமல் வந்துபோனது. இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இவர் சேகரித்த பறவைகளைப் பேசிவிட்டு இந்தப் பசியை விட்டுவிடுகிறார்கள்.

1858 முதல் 1862 வரை மெக்கன்சி ஆற்று மாவட்டத்தின் தலைமை அதிகாரியாக ராஸ் இருந்த இடம் சிம்ப்சன் கோட்டை. கோட்டை என்றதும் மதிலும் அகழியும் நம் மனத்தில் எழும். அங்கே இருந்தவையோ, லியார்டு ஆறு மெக்கன்சியில் கலக்குமிடத்தில் மரக்கட்டைகளை அடுக்கி, இடுக்குகளில் களிமண் பூசிய சில வீடுகளும் கிடங்குகளும்தான். டிசம்பர் கடைசியில் பகல் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். உறைந்த ஆறு மே மாதத்தில்தான் உடையும். பாதரசம் உறைவது சுழிக்குக் கீழே 39 பாகையில். அந்தக் குளிர் அங்கே அரிதன்று. வெளியுலகக் கடிதம் தெற்கே ரெட் ரிவர் குடியிருப்பிலிருந்து நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் வாரக்கணக்கில் பயணம் செய்து வர வேண்டியிருந்தது.

இந்தத் தனிமையை ராஸ் படிப்பாலும் சேகரிப்பாலும் நிரப்பினார். 1859-இல் ராபர்ட் கென்னிகாட் என்ற அமெரிக்க இளைஞர் இயற்கை ஆய்வுக்காக அங்கு வந்து சேர்ந்தபின் அந்த வேலை வேகம் பிடித்தது. பறவைத் தோல்கள், முட்டைகள், விலங்குகள், அப்பகுதியின் பழங்குடிகளான டெனே மக்களின் கைவினைப் பொருள்கள் எனப் பலவும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போயின. 1861-இல் பறவையியலாளர் ஜான் காசின் ஒரு சிறிய வெள்ளை வாத்தினத்துக்கு ராஸின் பெயரையே சூட்டினார். அதே ஆண்டு, தம் மாவட்டத்து உரோமத் தோல் விலங்குகளைப் பற்றி ராஸ் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். டெனே மக்களைப் பற்றியும் எழுதினார். அவர்களைக் குறித்து அவர் கூறும் தீர்ப்புகளில் அதிகாரியின் செருக்கு வெளிப்படுவதை மறைப்பதற்கில்லை. இத்தனைக்கும் அவர் உயிரோடிருந்ததே அவர்கள் தயவில்தான். நடக்கத் தேவையான பனிக்காலணியில் தோல்வாரைப் பின்னிக் கொடுத்தவர்கள் டெனே பெண்கள். கோட்டைக்கு மூஸ் மான் இறைச்சி கொண்டுவந்தவர்கள் டெனே வேட்டைக்காரர்கள். சேகரிப்புகளில் பலவும் அவர்கள் கைவழி வந்தவையே.

அவர்களுடைய குளிர்காலம் பெரிதும் பனிமுயலை நம்பியிருந்தது. பெண்கள் கண்ணி வைத்துப் பிடித்த முயலின் இறைச்சி உணவானது. தோலைச் சுற்றிச் சுற்றி ஒரே நீள நாடாவாக அறுப்பார்கள். அது காயும்போது முறுக்கிக்கொள்ளும். எந்தப் பக்கம் திருப்பினாலும் மயிர் வெளியே நிற்கும். அந்த நாடாக்களை வலைபோலத் தளர்வாகப் பின்னினால் போர்வை. பின்னலின் இடைவெளிகளுக்குள் விரல் நுழையும், குளிர் நுழையாது. பெரியவர் ஒருவருக்கான போர்வைக்கு நூறு முயல் வரை தேவைப்படும்.

இந்த முயல்கள் ஏறத்தாழ பத்தாண்டுச் சுழற்சியில் பெருகி, பின் திடீரென்று அற்றுப்போகும். முயலையே தின்று வாழும் லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனையும் அடுத்தடுத்து மடியும். கம்பெனியின் கணக்கேடுகளிலிருந்து இந்த ஏற்ற இறக்கத்தை ஆய்வாளர்கள் சார்லஸ் எல்டனும் மேரி நிக்கல்சனும் 1942-இல் தொகுத்து வெளியிட்டார்கள். மெக்கன்சி மாவட்டத்துக்கான 1821 முதல் 1934 வரையிலான 114 எண்கள், இன்று ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளில் லிங்க்ஸ் என்ற பெயரிலேயே கிடைக்கின்றன. காலத்தொடர் ஆய்வு கற்கும் மாணவர்களுக்கு உலகெங்கும் பழக்கமான தொடர் அது.

அதில் ராஸின் ஆண்டுகளைத் தேடிப் பார்த்தேன். 1858-இல் 2,119 தோல்கள். மறு ஆண்டு 684. பிறகு 299, 236, 245. அவர் பொறுப்பேற்றதிலிருந்து விடைபெற்றது வரை முழுக் காலமும் சரிவும் பள்ளமும்தான். வணிகருக்கு அது நட்டக் கணக்கு. காட்டில் இருந்தவர்களுக்கோ, லிங்க்ஸுக்கு முன்பே முயல் போய்விட்டது என்பதால், உணவும் போர்வையும் ஒருசேரக் கைவிட்ட குளிர்காலங்கள் அவை. அருங்காட்சியகங்களுக்குப் பறவைகளையும் முட்டைகளையும் தேடிக் கொடுத்த கைகள் இந்த ஆண்டுகளில்தான் வெறுங்கண்ணிகளையும் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கும். ராஸின் அறிவுழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தக் குளிர்காலங்களின் சுமையைத் தாங்கியவர் அவர் அல்லர் என்றே சொல்வேன்.

1866-இல் அந்த எண் 6,721 ஆக உயர்ந்தபோது ராஸ் அந்தப் பொறுப்பில் இல்லை. 1874-இல் டொராண்டோவில் அவர் காலமானார்.

இந்த மலரைப் படிக்கும் புள்ளியியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் லிங்க்ஸ் வரைபடத்தைக் காட்டும்போது, 1859-க்குப் பின் வரும் பள்ளத்தில் சற்று நில்லுங்கள். தோல் கொண்டுவந்து கொடுத்த டெனே மக்களின் பெயரை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.