இறுகிப்போன கிளட்ச் பெடல் சொல்லும் ஜீப் வரலாறு

இன்னைக்கு ஒரு பெடலைப் பத்திப் பேசப் போறேன். ஆமா, கிளட்ச் பெடல்தான்.

பல வருஷமா ஷெட்டுல கிடந்த ஒரு பழைய ஜீப்பை வெளியில எடுக்கறாங்கன்னு வெச்சுக்குங்க. புது பேட்டரி, புது பெட்ரோல், கார்புரேட்டரைக் கழுவி மாட்டினா இன்ஜின் பெரும்பாலும் உயிர் பிடிச்சுடும். ஆனா கிளட்சை மிதிச்சா சுவத்தை மிதிச்ச மாதிரி இருக்கும். இம்மியும் அசையாது. பெரிய இன்ஜினே ஓடுது, ஒரு சாதாரண பெடல் ஏன் இப்படி இறுகிப் போச்சு? இதுக்குப் பதில் தேடினா 1940க்குப் போகணும்.

அந்த வருஷம் ஜூலை மாசம் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளைக் கூப்பிட்டு ஒரு வண்டி கேட்டுச்சு. நாலு சக்கரத்துக்கும் இழுவை வேணும், எடை 1,300 பவுண்டுதான் இருக்கணும், முதல் வண்டி 49 நாளில் வந்து நிக்கணும். கிட்டத்தட்ட எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. பென்சில்வேனியாவில் இருந்த பேன்டம் என்ற சின்ன கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இன்ஜினியரை வெச்சு வண்டியைச் செஞ்சு, செப்டம்பர் 23 அன்னைக்குக் கொண்டுபோய் நிறுத்துச்சு. எடை மட்டும் கூடிப்போச்சு. அந்த எடைக்குள்ள அப்படியொரு வண்டியை யாராலும் செஞ்சிருக்க முடியாது. கடைசியில பெரிய ஆர்டர் போனது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். போர் முடியறதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல செஞ்சு தள்ளினாங்க.

அவசரத்தில், மலிவா, லட்சக்கணக்கில் செய்யற வண்டி. அதனால எல்லாமே எளிமை. கிளட்ச் பெடலும் பிரேக் பெடலும் தரைத்தகட்டில் இருக்கற துளை வழியா கீழே இறங்கும். சேஸிஸ் ஓரத்தில் ஒரே ஷாஃப்ட்டில் ரெண்டும் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து கிளட்சுக்குப் போறது வெறும் இரும்பு இணைப்புகள், ஒரு கேபிள். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யற ஹைட்ராலிக் சமாச்சாரம் அதில் இல்லை. எங்கேயும் ரிப்பேர் பண்ணலாம். ஆனா சேறு, தண்ணி, தூசு எல்லாம் நேரா அந்த ஷாஃப்ட் மேலதான் அடிக்கும்.

அப்போ அது எப்படித் தாங்குச்சு? கிரீஸ். அதுக்குன்னு ஒரு நிப்பிள் வெச்சிருந்தாங்க. சுமார் 1,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் கன்னால அடிக்கணும். ஆத்துல இறங்கி ஏறினா உடனே அடிக்கணும். அதாவது, வண்டியோட ஒரு ஆள் எப்பவும் இருப்பான்னு நம்பித்தான் இந்த வண்டியையே வடிவமைச்சாங்க. அந்த ஆள் இல்லைன்னா டிசைன் பாதிதான்.

ராணுவத்துக்கு இது நல்லாத் தெரியும். பத்தொன்பது வயசுப் பையன்களை தினமும் நிப்பிள் தேடி கிரீஸ் அடிக்க வைக்கறது எப்படி? ‘ஆர்மி மோட்டார்ஸ்’னு ஒரு பத்திரிகை நடத்தி, அதில் காமிக்ஸ் போட்டாங்க. எதையும் ஒழுங்காப் பராமரிக்காத ஜோ டோப் என்ற சிப்பாயை வெச்சுச் சிரிக்க வெச்சாங்க. வரைஞ்சவர் வில் ஐஸ்னர். இன்னைக்குக் காமிக்ஸ் உலகத்தின் பெரிய விருதான ஐஸ்னர் விருது இருக்கே, அது அவர் பேருல கொடுக்கறதுதான்!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1945இல் தொடங்கின மஹிந்திரா அண்ட் முகமது கம்பெனியின் பங்குதாரர்களில் ஒருவரான குலாம் முகமது, பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார். இங்கே இருந்த கம்பெனி 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆச்சு. 1947லேயே பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்சுட்டாங்க. சிஜே-3பி மாடலை வில்லிஸ் தரப்பு 1968இல் நிறுத்திடுச்சு. அதே முகத்தை மஹிந்திரா இன்னும் பல பத்தாண்டுகள் விடாம செஞ்சாங்க.

தமிழ்நாட்டில் ஜீப்னா அரசாங்கம். போலீஸ் ஜீப், தாசில்தார் ஜீப், ஃபாரஸ்ட் ஜீப். இன்னைக்கு பொலேரோ வந்தாலும் ஊருக்குள்ள அது ‘ஜீப்’தான். மலைப்பக்கம் அது வேற மாதிரி. போடி, கம்பத்தில் இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆளை ஏத்திப் போனது ஜீப். தேனி மாவட்டத்தில் இருக்கற கொழுக்குமலைக்கு கேரளத்துச் சூரியநெல்லி வழியா இன்னைக்கும் ஜீப்தான் ஏறுது. ராணுவத்தில் சிப்பாய் செஞ்ச வேலையை இங்கே டிரைவரும் கிளீனர் பையனும் செஞ்சாங்க. தொழிலுக்கு வர்ற பையன் முதல்ல கையில பிடிச்சது ஸ்டியரிங்கை இல்லை, கிரீஸ் கன்னை.

இப்போ அந்தப் பெடலை எப்படி விடுவிக்கறதுன்னு பார்ப்போம். முதல் விதி, ஏறி நின்னு மிதிக்காதீங்க. பெடல் வளையும், இல்லைன்னா கேபிள் அறுந்துடும். முதல்ல தரைத்தகட்டைக் கழட்டி, பெடலில் இருந்து போற இணைப்பைப் பிரிக்கணும். பிரிச்ச பிறகும் பெடல் அசையலைன்னா சிக்கல் ஷாஃப்ட்டில். அசைஞ்சா, சிக்கல் கேபிளிலோ அதுக்கு அப்பாலோ.

ஷாஃப்ட்தான்னு தெரிஞ்சா, அடைச்சுப்போன பழைய நிப்பிளைக் கழட்டிட்டு அந்த ஓட்டை வழியாவே துரு இளக்கற ஆயிலை விடணும். ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாளும் விடணும். அப்புறம் முன்னும் பின்னுமா நூலளவு ஆட்டணும். ஒரு பக்கமா மட்டும் தள்ளினா துரு இன்னும் இறுகும். நிறைய பேர் இந்த இடத்தில் பொறுமை இழந்து பர்னரை எடுப்பாங்க. வேண்டாம். இந்த ஜீப்களில் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கு தெரியுமா? டிரைவர் சீட்டுக்கு அடியில். பெடலுக்கும் அதுக்கும் ஒரு எட்டு தூரம்தான்.

விட்டுக்கொடுத்ததும் அப்படியே ஓட்டக்கூடாது. ஷாஃப்ட்டை வெளியில எடுத்து, உப்புத்தாளால துருவைத் தேய்ச்சு, தேய்ஞ்ச புஷ்ஷை மாத்தி, புது நிப்பிள் போட்டு, பக்கவாட்டில் கிரீஸ் பிதுங்கி வர்ற வரைக்கும் அடிக்கணும். மாட்டும்போது பெடலில் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்கணும். அது இல்லைன்னா ரிலீஸ் பேரிங் எப்பவும் அழுத்தத்திலேயே சுத்தித் தேயும், கிளட்ச் நழுவும்.

2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டின அரசு வண்டிகளுக்குப் பதிவு கிடையாது; அதெல்லாம் காயலான் கடைக்குப் போகணும்னு விதி வந்தாச்சு. புகையையும் பாதுகாப்பையும் யோசிச்சா அதில் நியாயம் இருக்கு. பழசெல்லாம் ஓடியே ஆகணும்னு நான் சொல்லலை. ஆனா வண்டியோட சேர்ந்து ஒரு அறிவும் எடைக்குப் போகுது. இப்போ வர்ற கார்களில் பெரும்பாலான மூட்டுகள் சீல் வெச்சு வருது. கிரீஸ் அடிக்க நிப்பிளே இல்லை. கெட்டா மாத்தலாம், அவ்வளவுதான்.

ஜீப் வரலாறுன்னா நாம கம்பெனி பேரையும் இன்ஜினியர் பேரையும் சொல்றோம். 1,000 மைலுக்கு ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்த ஆள் பேரை யாரும் எழுதி வைக்கலை. அவர் வேலை சரியா நடந்த வரைக்கும் அது யார் கண்ணுக்கும் படலை. நின்ன பிறகுதான் பெடல் இறுகுது. அப்படி ஒருத்தர் உங்க தெருவிலோ, வீட்டிலோ இருந்தா, இந்த வாரம் போய் அவர்கிட்ட கொஞ்ச நேரம் பேசுங்க. முடிஞ்சா ரெக்கார்ட் பண்ணி வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.